மீட்டர் ஏறாவிட்டாலும் பெல்ட்டுக்கு வயதாகும்

காலையில் ஆஞ்சநேயர் கோயில், எப்போதாவது மயிலாப்பூர், பிள்ளைகள் வரும்போது விமான நிலையம். நங்கநல்லூரில் பல பெரியவர்களின் கார் ஓட்டம் இவ்வளவுதான். பத்து ஆண்டு தாண்டியும் மீட்டர் 40,000 கிலோமீட்டரைத் தொட்டிருக்காது. ‘ஓடாத வண்டிக்கு என்ன ஆகிவிடும்?’ என்ற நிம்மதிதான் கவலை தருகிறது. டைமிங் பெல்ட் பல் வைத்த ரப்பர் பட்டை. நிறுத்தியே வைத்திருந்தாலும் ரப்பர் இறுகும், வெடிக்கும். சித்திரை வெயிலும், மீட்டர் ஏறாமல் இன்ஜின் மட்டும் ஓடும் சிக்னல் நெரிசலும் அதை விரைவுபடுத்தும்.

பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைக் காப்பது இந்தப் பட்டை. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும். ஓட்டத்தில் இருக்கும் பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வில் போய் மோதும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனே உடையும். மோத இடமில்லாத வடிவமைப்பு சில பெட்ரோல் இன்ஜின்களில் உண்டு. டீசலில் தப்புவது அபூர்வம். ‘ஹெட்டை இறக்கணும்’ என்று மெக்கானிக் சொல்வது இதனால்தான். பெல்ட் மாற்றும் செலவைப்போலப் பல மடங்கு அங்கே போய்விடும்.

எல்லாக் காரிலும் பெல்ட் இல்லை. ஐ10 காரிலேயே 1.1 லிட்டர் இன்ஜினுக்கு பெல்ட், 1.2 லிட்டர் கப்பாவுக்கு செயின். இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ ஜிங், ஓரகடத்தில் தயாரான டஸ்டர் டீசல் இரண்டும் பெல்ட் வண்டிகள். சான்ட்ரோ ஜிங் தயாரிப்பு 2014-இல் நின்றது. எனவே பெல்ட்டை ஒருமுறையும் மாற்றாத வண்டி என்றால் இனித் தள்ளிப்போடவே கூடாது. பானட்டைத் திறந்ததும் தெரிவது ஃபேன் பெல்ட். அதைப் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று திருப்திப்படாதீர்கள். டைமிங் பெல்ட் மூடிக்குள் இருக்கிறது. கையேட்டில் கிலோமீட்டர், ஆண்டு என இரண்டு கெடு இருந்தால், எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. பழைய கார் வாங்குபவர் பில்லைக் கேட்க வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளலாம்.

ஓட்டத்தில் இன்ஜின் சட்டென அணைந்து, செல்ஃப் அடித்தால் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றுகிறதா? பெல்ட் அறுந்திருக்கலாம். மறுபடி அடிக்காதீர்கள், கியரில் போட்டுத் தள்ளவும் வேண்டாம். தப்பிய வால்வும் அடுத்த சுற்றில் வளையலாம். வண்டியைத் தூக்கிச் செல்லச் சொல்லி, முதலில் பெல்ட் மூடியைத்தான் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.