பந்துக்கும் பந்துக்கும் நடுவே

ஆவடியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் மைதானத்தில் இடம் கிடைக்காது. ஒரே திடலில் மூன்று மேட்ச் குறுக்கும் நெடுக்குமாக நடக்கும். ஒரு மேட்சின் லாங் ஆனும் இன்னொரு மேட்சின் பாயின்ட்டும் முதுகு உரச நிற்பார்கள். டென்னிஸ் பந்து, பத்து ஓவர், பெட் மேட்ச். அங்கே ஒரு வேகப்பந்துப் பையனைக் கவனித்தேன். நல்ல வேகம். ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கையைச் சட்டையில் துடைப்பான், ரன்-அப் கோட்டைக் காலால் மறுபடி கிழிப்பான், கேப்டனைக் கூப்பிட்டு ஃபீல்டை மாற்றுவான், பாதி ஓட்டத்தில் நின்று திரும்பிப் போவான். நான்காவது பந்து மிட் விக்கெட்டுக்குச் சுலபமான கேட்ச்சாகப் போனது. அங்கே நின்றவன் ஒரு கணம் தாமதித்தான். பந்து விரல் நுனியில் பட்டு ஓடிவிட்டது. எல்லோரும் அவனைத்தான் திட்டினார்கள். எனக்கென்னவோ அந்தக் கேட்ச் நழுவியதில் பவுலருக்கும் பங்கிருப்பதாகத் தோன்றியது.

ஃபீல்டரின் காலைப் பார்த்தால் காரணம் புரியும். பவுலர் ஓடிவரத் தொடங்கியதும் கவர்ஸில் நிற்பவர் கூடவே நாலைந்து அடி முன்னால் நடப்பார். பந்து மட்டையைத் தொடும் நேரத்துக்குச் சின்னதாக ஒரு துள்ளல், முழங்கால் மடிய ஒரு தரையிறக்கம். அந்தத் துள்ளலில் தொடைத் தசைகள் இழுபட்டு, அமுக்கிய ஸ்பிரிங் மாதிரி தயாராகின்றன. அங்கிருந்து எந்தப் பக்கமும் பாயலாம். குதிகால் தரையில் பதிய நிற்பவரால் அப்படிப் பாய முடியாது. இந்தத் துள்ளலை எப்போது போடுவது என்று ஃபீல்டருக்குச் சொல்லும் ஒரே கடிகாரம் பவுலரின் ஓட்டம்தான். அவர் நடுவழியில் நின்றுவிட்டால் ஒன்பது பேரின் தயாரிப்பும் வீணாகிறது.

மூளையிலும் இதே கதைதான். ‘தயார்’ என்று ஒரு சைகை கொடுத்து, கொஞ்சம் பொறுத்து விளக்கை எரியவிட்டு, எவ்வளவு சீக்கிரம் பொத்தானை அமுக்குகிறார்கள் என்று பார்க்கும் சோதனையை உளவியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாகச் செய்துவருகிறார்கள். காத்திருக்கும் நேரம் சிறியதாகவும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாகவும் இருந்தால் கை வேகமாக எழும். இழுத்துக்கொண்டே போனாலோ, ஒருமுறை இரண்டு நொடி, மறுமுறை பத்து நொடி என்று மாறினாலோ தாமதமாகும். அந்தத் தாமதம் நொடியில் நூறில் சில பங்குகள்தான். நொடிக்கு ஏழு மீட்டர் ஓடும் ஒருவர் நொடியில் இருபதில் ஒரு பங்கு பிந்திக் கிளம்பினால் 35 சென்டிமீட்டர் பின்தங்குவார். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே அதில் பாதிகூட இல்லை.

இன்னொன்று, நெடுநேரம் விழிப்போடு இருப்பதன் அலுப்பு. இரண்டாம் உலகப்போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நீர்மூழ்கிகளைத் தவறவிடுவதைப் பற்றி நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஆராய்ந்தார். அவருடைய சோதனையில் நொடிக்கொரு தடவை நகரும் ஒரு முள், எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். 1948-ல் அவர் வெளியிட்ட முடிவு: முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகே தவறுகள் கூடிவிடுகின்றன. டெஸ்ட் மேட்ச்சில் டீப் ஸ்கொயர் லெக்கில் நிற்பவரின் வேலை ஏறக்குறைய இதேதான். நாளுக்கு 90 ஓவர், 540 பந்து. அவர் பக்கம் வருவது கைவிரலில் எண்ணிவிடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 15 ஓவர் என்றால் பந்துக்கு 40 நொடி. அதில் உண்மையாகக் கூர்ந்து நிற்க வேண்டியது பத்து நொடி இருக்கலாம். ஆறு மணி நேர ஆட்டத்தில் மொத்தம் ஒன்றரை மணி நேரம். நல்ல ஸ்லிப் ஃபீல்டர்கள் மீதி நேரத்தில் வானத்தைப் பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்பவரோடு பேசுவார்கள், பவுலர் திரும்பியதும் குனிந்துவிடுவார்கள். ஓய்வும் விழிப்பும் மாறி மாறி வரும் இந்தத் தாளம் பவுலர் சீராகப் போட்டால்தான் அமையும். ஆகவே வேகமாகப் போடுவதைவிட ஒரே சீராகப் போடுவதே பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

சீர் என்றால் இந்தியாவின் பாபு நட்கர்னி. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து இறங்கினால், ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் நேரு ஸ்டேடியம். இன்று கால்பந்து நடக்கும் அந்த இடத்தில் ஒரு காலத்தில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்ற பெயரில் டெஸ்ட் கிரிக்கெட் நடந்தது. 1964 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக அங்கே நட்கர்னி 32 ஓவர் போட்டார். 27 மெய்டன், ஐந்தே ரன். தொடர்ந்து 21 மெய்டன் ஓவர், தொடர்ந்து 131 பந்துகளில் ரன்னே இல்லை. எதிரே இங்கிலாந்தின் போலஸும் பாரிங்டனும் தடுத்தாடினார்கள். அந்த 131 பந்துகளில் ஒன்றைக்கூட ஒரு ஃபீல்டர் காலுக்கிடையில் விட்டிருந்தால் சாதனை அங்கேயே முடிந்திருக்கும். இடது கைச் சுழல், குட்டி ஓட்டம், திரும்பத் திரும்ப ஒரே இடம். அடுத்த பந்து எப்போது வரும், எங்கே போகும் என்று சுற்றி நின்றவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது.

ஏறக்குறைய ஐம்பத்துமூன்று வருடம் கழித்து சேப்பாக்கத்தில் ரவீந்திர ஜடேஜா. வர்தா புயல் நம் பக்கத்து மரங்களையெல்லாம் சாய்த்துப் போட்ட அதே 2016 டிசம்பர். ஈரமான பிட்ச்சைத் தணல் வைத்துக் காயவைத்து நடத்திய டெஸ்ட். கடைசி நாள் 103 வரை விக்கெட்டே விழாத இங்கிலாந்து 207-க்கு ஆல் அவுட். ஜடேஜாவுக்கு 48 ரன்னுக்கு ஏழு விக்கெட். அவர் பந்தை வாங்கியதும் திரும்பி அடுத்ததைப் போட்டுவிடுவார். பேட்ஸ்மேன் கையுறையைச் சரிசெய்யக்கூட நேரம் கொடுக்கமாட்டார். இங்கிலாந்தின் குக் லெக் ஸ்லிப்பில் ராகுலிடம் பிடிபட்டது அப்படி ஒரு பந்தில்தான். அந்தச் சரிவில் பிட்ச்சுக்கு எவ்வளவு, பதற்றத்துக்கு எவ்வளவு, வேகத்துக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் பிரிக்க முடியாது.

பேஸ்பாலில் இது பழைய நம்பிக்கை: சட்டுச் சட்டென்று வீசும் பிட்சருக்குப் பின்னால் நிற்பவர்கள் உஷாராக இருப்பார்கள். அதற்கு உதாரணமாகக் காட்டப்படுபவர் மார்க் பியூர்லி. 2009 ஜூலை 23-ல் எதிரணியினர் 27 முறை மட்டை பிடித்தும் ஒருவரைக்கூட முதல் தளத்துக்கு விடாமல், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஆட்டத்தை முடித்தார். கடைசி இன்னிங்ஸில் வேலிக்கு மேல் எட்டி ஒரு பந்தைப் பிடித்து அந்தச் சாதனையைக் காப்பாற்றியவர் ட்வெய்ன் வைஸ். ஆனால் வைஸ் களத்துக்குள் வந்ததே அந்த இன்னிங்ஸில்தான்! பிட்சரின் வேகம் அவரை உஷாராக்கியது என்று சொல்லமுடியாது. ஒற்றைக் கேட்ச்சை வைத்து இந்த நம்பிக்கையை நிறுவ முடியாது, தள்ளிவிடவும் முடியாது.

விதிகள் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்திருக்கின்றன. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் 2023-ல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தது: தளங்கள் காலியாக இருந்தால் 15 நொடி. கிரிக்கெட்டில் 2022 ஜனவரி முதல் சர்வதேச டி20-யில் ஓவர்களை நேரத்துக்கு முடிக்காத அணி, மிச்ச ஓவர்களுக்கு வட்டத்துக்கு வெளியே ஐந்து பேருக்குப் பதில் நான்கு பேரைத்தான் நிறுத்தலாம். பிறகு ஓவருக்கும் ஓவருக்கும் நடுவே 60 நொடிக் கடிகாரமும் வந்தது. மூன்றாம் முறை தாண்டினால் எதிரணிக்கு ஐந்து ரன். 2024 டி20 உலகக் கோப்பையில் இந்தியாவோடு ஆடிய அமெரிக்கா அப்படி ஐந்து ரன் கொடுத்தது.

அடுத்த ஞாயிறு அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ ஏதாவது மைதான ஓரம் நிற்க நேர்ந்தால், பவுலரை விட்டுவிட்டு கவர்ஸில் நிற்கும் பையனின் காலை மட்டும் பாருங்கள். முதல் பந்துக்குத் துள்ளுவான், இரண்டாவதுக்கும் துள்ளுவான். பவுலர் பாதி ஓட்டத்தில் நின்று திரும்பிப்போன பிறகு வரும் பந்துக்கு அந்தக் கால் தரையைவிட்டு எழுகிறதா என்று பாருங்கள்.