கைபேசி மட்டும் போதுமா?



எங்கள் சித்தப்பாவுக்கு ஆறு வருடமாக நடுக்குவாதம். பார்க்கின்சன் நோய் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் குறைவதால் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை தளரும். அடியோடு குணமாக்க இன்னும் மருந்து இல்லை. மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். ஆனால் நோய் மாற மாற மாத்திரையின் அளவும் நேரமும் மாற வேண்டும். ஆகவே டாக்டரை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான். நாங்கள் காட்டும் நரம்பியல் டாக்டர் திருநெல்வேலியில் இருக்கிறார். ஆய்க்குடியிலிருந்து தென்காசி போய், அங்கே பஸ் மாறி, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஒருநாள் சித்தப்பா, "ஏலே, அஞ்சு நிமிசம் டாக்டரப் பாக்க ஒரு நாளு பூரா பஸ்ஸுல குலுங்கணுமா? இனி நான் வரல" என்று சொல்லிவிட்டார். அப்படியே நாலு மாதம் ஓடியது. பழைய மாத்திரையே தொடர்ந்தது. ஒரு காலையில் முற்றத்தில் விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது.

அதன் பிறகுதான் கைபேசி வழி மருத்துவத்தை நாடினோம். நம் நாட்டுக்கு இது புதிதல்ல. ஆந்திராவின் அரகொண்டா கிராமத்தில் 2000-லேயே தொலைமருத்துவம் தொடங்கிவிட்டது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 25-ல், மத்திய அரசு இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. தொலைபேசியில் ஆலோசனை சொல்லலாம், தொடர் சிகிச்சைக்கு மருந்து எழுதித் தரலாம், நோயாளியால் முடியாதபோது கவனித்துக்கொள்பவரே பேசலாம் என்று அது வழிவகுத்தது. போதை மருந்து வகைகளை மட்டும் இவ்வழியில் எழுதக் கூடாது. அதே ஏப்ரலில் அரசின் இ-சஞ்சீவனி சேவையும் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச வழி செய்தது.

முதல் வீடியோ ஆலோசனையில் டாக்டர் என்னிடம், "தம்பி, போனைத் தூரமா வச்சு அவரை நடக்கச் சொல்லுங்க" என்றார். நடையைப் பார்த்தார், நடுக்கத்தைப் பார்த்தார். எந்த மணிக்கு மாத்திரை போட்டார், எந்த மணிக்கு மறுபடி நடுக்கம் வந்தது என்று நான் நோட்டில் குறித்ததைக் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றினார். பஸ் குலுக்கல் இல்லை, ஒரு நாள் கூலி இழப்பும் இல்லை. ஆனால் அவரே, "விறைப்பு எவ்வளவுன்னு கையால மடக்கிப் பாத்தாத்தான் தெரியும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நேர்ல வரணும்" என்றும் சொன்னார்.

இந்தக் குறைக்கு வழி எங்கள் ஊரிலேயே இருக்கிறது! பொறியியல் மாணவராக இருந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது தண்டுவடத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981-ல் ஆய்க்குடியில் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். தசைச்சிதைவு நோயுள்ள ஆடிட்டர் திரு. சங்கரராமன் பின்னர் இதில் இணைந்தார். வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளின் வீடுகளுக்கு இச்சங்கத்தின் பயிற்சி பெற்ற களப்பணியாளர் செல்கிறார். குழந்தையின் நிலையைக் கைபேசிச் செயலியில் பதிகிறார். தொலைவிலுள்ள சிகிச்சை வல்லுநர் அதைப் பார்த்து வழி சொல்கிறார். கண் தொலைவில் இருந்தாலும் கை வீட்டிலேயே இருக்கிறது.

பெரியவர்களுக்கும் இதே முறை வேண்டும் என்பது என் கருத்து. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. அந்தப் பணியாளர் பக்கத்தில் இருக்கும்போதே நரம்பியல் டாக்டர் வீடியோவில் வந்தால், விறைப்பை இவர் மடக்கிப் பார்த்துச் சொல்வார், அவர் முடிவெடுப்பார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் உள்ளிட்ட 21 வகைகளை ஏற்றுள்ளதால், இதைச் சலுகையாக அல்ல, உரிமையாகவே கேட்கலாம்.

தொழில்நுட்பம் படிக்கும் நமக்கும் வேலை உண்டு. நடுங்கும் விரலுக்குத் திரையிலுள்ள சின்னப் பொத்தான் எட்டாது. பெரிய பொத்தான், போனை அசையாமல் நிறுத்த ஒரு தாங்கி, மாத்திரை நேரத்துக்கு ஒரு மணி! இவை நம் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்யக் கூடியவைதானே? நம் தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், வாரம் ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்தத் தாங்கியை நான் செய்யத் தொடங்கிவிட்டேன். நீங்களும் வாருங்கள், தோழர்களே!