பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சாப்பாட்டுக்காகவே ஊர் சுற்றுகிறவர்களிடம் ஆசியாவில் எந்த ஊர் நல்ல ஊர் என்று கேட்டால் பினாங்கு, பாங்காக், சிங்கப்பூர், ஹாங்காங் என்று அடுக்குவார்கள். எல்லாம் ருசியை வைத்துப் போட்ட கணக்கு. ஏமாந்தவன் முறையிட்டால் காதுகொடுக்க அங்கே ஆள் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 1997இலேயே உணவுக்கடைகளைச் சுத்தத்தின்படி தரம் பிரித்து, அந்தத் தர எழுத்தைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வைத்தார்கள். 2024 ஏப்ரலில் ஹாங்காங், நம் நாட்டின் இரண்டு பெரிய நிறுவனங்களின் மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது.

நம் பக்கத்தில் மணத்தைத் தேடிப் போகிற ஊர் போடிநாயக்கனூர். போடிமெட்டு வழியாக மூணாறு போகிறவர்கள், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் முன்போ இறங்கிய பின்போ ஏலக்காய் வாங்க வண்டியை நிறுத்துவார்கள். இதே ஊரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. அங்கே வியாபாரிகள் மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள். வெளியூர்க்காரர் பார்ப்பது நிறத்தை மட்டும்.

சாயம் நுழைவது இங்கேதான். சரியான சூட்டில் உலர்த்திய காய் பச்சையாக இருக்கும். நாள்பட்டால், வெளிச்சம் பட்டால், வெளுத்துப் போகும். வெளுத்ததாலேயே அது கெட்ட காய் ஆகிவிடாது. ஆனால் பச்சைக்குத்தான் விலை என்பதால் பழைய காய்க்குச் செயற்கை நிறம் ஏற்றுகிறவர்கள் உண்டு. ஏலக்காயில் நிறம் சேர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. (மணம் இருப்பது உள்ளே விதையில். நாம் காசு கொடுப்பதோ தோலின் நிறத்துக்கு!) நாலைந்து காயைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போடுங்கள், தண்ணீர் பளிச்சென்று பச்சையானால் சந்தேகப்படுங்கள். விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டக்கூடாது. காய் சுருங்கிக் கிடந்து, விதையைக் கடித்தாலும் மணமே இல்லையென்றால் எண்ணெயை ஏற்கெனவே எடுத்திருக்கலாம்.

பூச்சிமருந்து எச்சம் இப்படிக் கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது. 2023 ஜனவரியில் சபரிமலைப் பிரசாதமான அரவணையின் விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியதே, அதில் சேர்த்த ஏலக்காயில் எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாக ஆய்வறிக்கை வந்ததால்தான். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் லட்சக்கணக்கான டின்கள் தேங்கிவிட்டன. எச்சத்தைக் கண்டுபிடிக்க ஆய்வகம் ஒன்றே வழி. அந்த வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006, 40ஆம் பிரிவின்படி, வாங்கிய பொருளைக் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் நீங்களே சோதிக்கக் கொடுக்கலாம். குற்றம் நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரே நிபந்தனை: சோதனைக்குக் கொடுக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்ன மாத்திரத்தில் அவர் முகம் மாறினால் வேறு கடை பாருங்கள்.

எதற்கும் பில் வேண்டும். 2022 ஜனவரி முதல் உணவுப் பொருள் பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோ பதிவு எண்ணோ இருப்பது கட்டாயம். பாக்கெட்டாக வாங்கினால் தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, தேதி, அதிகபட்ச விலை ஆகியவற்றைப் பாருங்கள். எடையில் குறை என்றால் தொழிலாளர் துறையிடம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் அவர்கள் பொறுப்பு. கலப்படம் என்றால் மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. பணம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறையில் வாங்கிவிட்டேன், கடை கேரளாவில் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வந்த பிறகு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பாங்காக் கடைக்காரர் மீது இங்கே வழக்குப் போடுவது நடைமுறையில் எளிதல்ல. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துப் பணம் வாங்கிவிட்டுச் சொன்னபடி தராத உள்ளூர்ச் சுற்றுலா முகவர் மீது போடலாம். இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.