இரைச்சலின் சாட்சியம்

ஒளி உணரியொன்றைக் கணினியுடன் இணைத்து அதன் மின்னைப் பதிவுசெய்தால், காரிருளிலும் கோடு நேராய் நில்லாது, நடுங்கிக்கொண்டேயிருக்கும். செக்கனுக்கு 50 முறை துடிக்கும் வீட்டு மின்னின் ஊடுருவலை உலோகக் கவசத்தாற் பெரும்பாலும் தடுக்கலாம். வெப்பத்தால் இலத்திரன்கள் அலைவதில் எழும் இரைச்சலோ எந்தத் தடையிலும் உண்டென்பதை 1928இல் ஜோன்சன் அளந்து காட்டினார், அதற்குக் கவசமில்லை.

ஆயின் இரைச்சல் வெறும் இடையூறுதானா? அல்ல என்பதற்குக் கண்டியே சான்று. ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் சாயமூட்டிய சூரியக் கலங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன். அவரும் துணை ஆய்வாளரும் 2005இல் அக்கலங்களின் இரைச்சலையே ஆய்வுப்பொருளாக்கினர். அதிர்வெண் குறையக் குறைய வலுக்கும் அவ்விரைச்சல், தைத்தானியம் ஈரொட்சைட்டுப் படலத்தில் இலத்திரன்கள் சிக்கி மீளும் இடங்களைக் காட்டிக்கொடுப்பது.

நடுங்கும் கோட்டைக் கண்டவுடன் சராசரியெடுத்து அதனை மழுப்ப விரையும் மாணவர், முதலில் அது கூறுவதைக் கேட்பாராக.