மேடையில் 8 விநாடி... அதுக்கு ஒரு நாள் லீவு போடலாமா? பட்டமளிப்பு விழாவில் என்னதான் நடக்கும்?

படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். பிறந்தநாள் வாழ்த்துகூட வராமல் செத்துக்கிடந்த கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் திடீரென்று ஒரு பி.டி.எஃப் வந்து விழும். 'பட்டமளிப்பு விழா அழைப்பிதழ்'. அடுத்த பத்து நிமிஷத்துக்கு போன் அடங்காது. 'யாரெல்லாம் வர்றீங்க?', 'லீவு கிடைக்காது மச்சி', 'கவுனுக்குத் தனியா காசு கட்டணுமாமே', 'போஸ்ட்ல அனுப்பிட மாட்டாங்களா?'

பெங்களூருவிலோ சிறுசேரியிலோ வேலைக்குச் சேர்ந்து, ப்ரொபேஷன்கூட முடியாத நேரத்தில் இந்த அழைப்பு வந்தால், லீவு போட்டுப் போகணுமா என்று யோசிப்பது நியாயம்தான். போவதும் போகாததும் உங்கள் விருப்பம். ஆனால், அந்த நாள் நிஜமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சினிமாவில் வருவதுபோல் எல்லோரும் சேர்ந்து தொப்பியைத் தூக்கிப் போடுகிற காட்சியை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கூப்பிட்டது யார்னு முதல்ல பாருங்க!

அழைப்பிதழின் தலைப்பில் இருப்பது பல்கலைக்கழகத்தின் பெயரா, கல்லூரியின் பெயரா? இதில்தான் பலருக்குக் குழப்பம். தமிழ்நாட்டில் நம்மில் பெரும்பாலானோர் படிப்பது இணைப்புக் கல்லூரிகளில். பாடம் நடத்துவது கல்லூரி, பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். தன்னாட்சிக் கல்லூரியிலும் இதே கதைதான். தேர்வை அவர்களே நடத்திக்கொள்வார்கள். பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும்.

பல்கலைக்கழகம் நடத்தும் பெரிய விழாவில் மேடையேறுபவர்கள் பெரும்பாலும் முனைவர் பட்டம் பெறுபவர்களும், தங்கப்பதக்கமோ ரேங்க்கோ வாங்கியவர்களும்தான். மற்றவர்களுக்கு அங்கே 'இன் ஆப்சென்ஷியா'. அதாவது, ஆள் நேரில் இல்லாமலேயே பட்டம் வழங்கப்பட்டதாக அறிவித்துவிடுவார்கள். சான்றிதழ்கள் கட்டுக்கட்டாகக் கல்லூரிக்கு வந்து சேரும். பிறகு கல்லூரி தன் வளாகத்தில் ஒரு விழா வைக்கும். நாம் அங்கி போட்டுக்கொண்டு போவது இந்த இரண்டாவது விழாவுக்குத்தான்.

1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் ரெண்டே பேர். சி.வை.தாமோதரம் பிள்ளை, கறோல் விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ரெண்டு பேர் என்றால் உட்காரவைத்து விருந்தே போட்டு அனுப்பலாம். இப்போது ஒரே கல்லூரியில் ஒரே நாளில் ஆயிரம் பேர் மேடையேறுகிறார்கள். விழாவின் மற்ற எல்லா அவஸ்தைகளுக்கும் இந்த எண்ணிக்கைதான் காரணம்.

ஏன் இவ்வளவு லேட்?

ஒரு மாணவர் தகுதி பெற வேண்டிய தேதியிலிருந்து 180 நாள்களுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்று யு.ஜி.சி-யின் 2008-ம் வருஷத்து விதி சொல்கிறது. நடைமுறை வேறு. ரிசல்ட், மறுமதிப்பீடு, அரியர் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். மாநிலப் பல்கலைக்கழக விழா என்றால் வேந்தரான ஆளுநரின் தேதியும் கிடைக்க வேண்டும். 2023-ல் அப்போதைய உயர்கல்வித்துறை அமைச்சர் பொன்முடி, ஆளுநரால் விழாக்கள் தாமதமாகி 9 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பட்டத்துக்குக் காத்திருப்பதாகக் குற்றம்சாட்டியது பெரிய செய்தியானது. மேலே யாருக்கும் யாருக்கும் பிரச்னையோ, கீழே ஹெச்.ஆரிடம் 'ஒரிஜினல் இன்னும் வரல சார்' என்று சொல்லிக்கொண்டிருப்பது நாம்தான். அதுவரை கைகொடுப்பது புரொவிஷனல் சர்ட்டிஃபிகேட். அதைப் பத்திரமாக வைத்திருங்கள். பட்டம் வாங்கும்போது அதைத் திருப்பிக் கேட்கும் இடங்களும் உண்டு.

காலை 7 மணிக்கு வரச் சொன்னா...

...விழா 10.30-க்கு என்று அர்த்தம். முதல் நாளே ஒத்திகை வைக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருபவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் லீவு ரெண்டு நாளாகும் இடம் இதுதான்.

போனதும் கையெழுத்து, அட்வான்ஸ் கட்டி அங்கி வாங்குவது, துறைவாரியாகக் கழுத்தில் போடும் பட்டையைச் சரிபார்ப்பது, பதிவெண் வரிசையில் உட்காருவது. உங்கள் நெருங்கிய நண்பன் எட்டு நாற்காலி தள்ளி இருப்பான். இடம் மாறி உட்கார ஆசைப்படாதீர்கள். சான்றிதழ்களை அதே வரிசையில்தான் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒருவர் மாறினால் அந்த வரிசை முழுக்க அடுத்தவர் ஃபைலை வாங்கிக்கொண்டு இறங்கும்.

நம் ஊர் வெயிலில் அந்த அங்கி ஒரு தண்டனை. 2010-ல் போபாலில் நடந்த ஒரு பட்டமளிப்பு விழாவில், அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே அங்கியைக் கழற்றி, இதெல்லாம் காலனி ஆட்சியின் மிச்சம் என்றார். விழா உடைக்குக் கைத்தறித் துணியைப் பயன்படுத்துங்கள் என்று யு.ஜி.சி-யும் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. ஆனாலும் பல இடங்களில் இன்னும் பளபளக்கும் பாலியெஸ்டர்தான். உள்ளே மெல்லிய காட்டன் போடுங்கள். பட்டுப்புடவைதான் கட்டுவேன் என்றால் கட்டுங்கள், ஆனால் அங்கியை மூடினால் கொசுவத்தின் நுனி மட்டும்தான் போட்டோவில் தெரியும்.

ஆளுநரோ அமைச்சரோ வந்தால் கெடுபிடி கூடும். பை, தண்ணீர் பாட்டில், சில இடங்களில் போன்கூட வெளியே. சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 2023-ல் ஆளுநர் வருகையையொட்டி கறுப்பு உடையில் வராதீர்கள், செல்போன் கொண்டுவராதீர்கள் என்று சுற்றறிக்கை அனுப்பி, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. உள்ளே உட்கார்ந்த பிறகு எழுந்து போவது கஷ்டம் என்பதால், வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போங்கள்.

பிறகு ஊர்வலம், தமிழ்த்தாய் வாழ்த்து, ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் உரை, உறுதிமொழி. உங்கள் முறை வரும்போது பெயரைப் படிப்பார்கள் (படித்தால் அதிர்ஷ்டம், கூட்டம் அதிகமானால் துறையின் பெயரோடு முடிந்துவிடும்). நடந்து போய், வாங்கி, கேமராவைப் பார்த்து, மறுபக்கம் இறங்க வேண்டும். என் வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். 8 விநாடி. கையில் இருந்த ஃபைல் காலி. பதற வேண்டாம், பல இடங்களில் இப்படித்தான். மேடையில் கொடுப்பது அட்டை. சான்றிதழை அப்புறம் கவுன்ட்டரில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.

அப்பா அம்மா எங்கே உட்காருவாங்க?

நான் போனபோது கேட்காமல் விட்ட கேள்வி இது. அழைப்பிதழில் 'பெற்றோருடன் வருக' என்று போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் அப்பா மட்டும் ராத்திரி பஸ் பிடித்து வந்தார். எங்கள் ஊரில் அவர் டெய்லர். அங்கியைக் கையில் வாங்கியதும் ஓரத் தையலை இழுத்துப் பார்த்து, "பாலியெஸ்டர்மா, வேர்த்துக்கொட்டும்" என்றார். அதன் பிறகு நான் அவரைப் பார்த்தது மத்தியானம் ரெண்டு மணிக்கு.

அரங்கத்தில் மாணவர்களுக்கே இடம் போதவில்லை. பெற்றோரை வெளியே ஷாமியானா பந்தலில் உட்காரவைத்து ஒரு திரை வைத்திருந்தார்கள். இறங்கி வந்ததும் "பார்த்தீங்களாப்பா?" என்று கேட்டேன். "நல்லா பார்த்தேன்" என்றார். மூணு வருஷம் கழித்து, தங்கச்சியின் பட்டமளிப்பு விழாவுக்குக் கிளம்பும்போதுதான், "இந்தத் தடவையாச்சும் உள்ள விடுவாங்களா? அன்னிக்கு அந்தத் திரையில பாதி நேரம் படமே வரல" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

வீட்டில் முதன்முதலாக ஒருவர் பட்டம் வாங்குகிறார் என்றால், அந்த விழாவுக்குச் சொந்தக்காரர் மேடையேறுபவர் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் 'முதல் பட்டதாரி' என்று சான்றிதழே தருகிறது அரசு. 2010-11-லிருந்து தொழிற்கல்விக்கு அதைக் காட்டிக் கட்டணச் சலுகை வாங்கியவர்கள் எத்தனையோ பேர். அந்தச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நடந்தது அநேகமாக உங்கள் அப்பாவோ அம்மாவோதான்.

அதனால் கல்லூரி அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் போடுங்கள். ஒரு மாணவருக்கு எத்தனை பாஸ்? பெற்றோர் உள்ளேயா, மாடியிலா, வெளியிலா? யூடியூபில் நேரலை உண்டா? உண்டு என்றால் லிங்க்கை அவர்கள் போனில் நீங்களே திறந்து காட்டிவிட்டு, இயர்போனும் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் வரிசை சுமாராக எத்தனை மணிக்கு வரும் என்றும் சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் என்றால் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் தனி ஏற்பாடு வேண்டும். விழா முடிய மூணு மணிகூட ஆகலாம். இடமே இல்லை என்று சொல்லிவிட்டால் அதை அவர்களிடம் மறைக்காதீர்கள். ஊரிலேயே இருப்பதா, வந்து வெளியே காத்திருப்பதா என்று அவர்களே முடிவெடுக்கட்டும்.

கவுன்ட்டரை விட்டு நகரும் முன்...

சான்றிதழை அங்கேயே நின்று படியுங்கள். செல்ஃபி அப்புறம். பெயர், இனிஷியல், பாடப்பிரிவு, தேர்ச்சி பெற்ற மாதம், வருஷம், வகுப்பு. நமக்கு இனிஷியல்தான் வில்லன். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் விரித்து ஒரு மாதிரி இருந்தால், பின்னால் வெளிநாட்டு விசாவில் வந்து நிற்கும். தமிழிலும் பெயர் அச்சாகியிருந்தால் அதையும் பாருங்கள். ஆங்கிலத்தில் சரியாக இருந்து தமிழில் 'ழ', 'ள' மாறிப்போனவர்கள் உண்டு. தப்பு இருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுப்பது சுலபம்.

தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ போகும்போது, அப்போஸ்டில் போன்ற சான்றொப்பங்களை ஒரிஜினலின் பின்பக்கம்தான் ஒட்டி முத்திரை வைப்பார்கள். பிளாஸ்டிக் உறைக்கு மேல் அது நடக்காது. உரித்தால் தாளும் சேர்ந்து வரும். டிஜிலாக்கரில் உங்கள் பல்கலைக்கழகம் பட்டத்தை ஏற்றியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

விழாவுக்கே போக முடியவில்லை என்றாலும் பட்டத்தின் மதிப்பு ஒரு துளிகூடக் குறையாது. அடையாள அட்டையோடு பிறகு போய் வாங்கலாம், அல்லது அதிகாரக் கடிதம் கொடுத்து ஆள் அனுப்பலாம். எது செல்லும் என்பதைக் கல்லூரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. மேடையில் எடுத்த போட்டோவுக்கு ஸ்டுடியோக்காரர் தனியாகக் காசு கேட்பார், ஒரு காப்பி வாங்கிவிடலாம். ஆனால், பிறகு வீட்டு ஹாலில் மாட்டப்போவது பெரும்பாலும் வேறு படம்: வளாகத்து மரத்தடியில் அங்கியை அம்மாவுக்குப் போட்டுவிட்டு, தொப்பியை அப்பா தலையில் வைத்து எடுப்பது. தங்கச்சியின் விழாவில் நாங்களும் எடுத்தோம். அப்பா முதலில் வெட்கப்பட்டார், அப்புறம் தோள்பட்டைத் தையல் சரியில்லை என்று குறை சொன்னார், மூன்றாவது படத்தில்தான் சிரித்தார். அங்கியைத் திருப்பி வாங்கும் கவுன்ட்டர் எத்தனை மணிக்கு மூடும் என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இன்னும் பத்து நிமிஷம் கிடைத்திருக்கலாம்.