விமானிகளுக்கு வரும் 'நோட்டாம்': அந்தச் சுருக்கெழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

ஏவுகணைச் சோதனையா, வான்வெளி மூடலா... உடனே செய்திகளில் அடிபடும் சொல் 'நோட்டாம்'. விமானிகளுக்கான அவசர அறிவிப்பு, அவ்வளவுதான். 2025 ஏப்ரல் 30-ல் பாகிஸ்தான் விமானங்களுக்கு இந்தியா வான்வெளியை மூடியதும் இப்படி ஒரு அறிவிப்பால்தான். ஆனா, அசல் அறிவிப்பை எடுத்துப் படிச்சா தலையும் புரியாது, வாலும் புரியாது.

எல்லாம் தந்தி, டெலிபிரிண்டர் காலத்துப் பழக்கம். எழுத்து குறைந்தால் செய்தி சீக்கிரம் போய்ச் சேரும். அதனால் ஓடுபாதை என்றால் 'ஆர்.டபிள்யூ.ஒய்', டாக்ஸி பாதை என்றால் 'டி.டபிள்யூ.ஒய்', மூடப்பட்டது என்பதற்கு 'சி.எல்.எஸ்.டி'. வேலை நடக்குதுன்னா 'டபிள்யூ.ஐ.பி'. கருவி பழுது என்றால் 'யு/எஸ்'. இதை அமெரிக்கான்னு படிச்சிடாதீங்க!

'கியூ' என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடும் இருக்கும். உதாரணம், 'கியூ.எம்.ஆர்.எல்.சி'. நடுவில் உள்ள எம்.ஆர். ஓடுபாதையையும், கடைசி எல்.சி. மூடலையும் குறிக்கும்.

ரொம்பக் குழப்புவது நேரம்தான். 2507150330 என்றால் 2025 ஜூலை 15, சர்வதேச நேரம் 03.30. நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டணும். காலை 9 மணி. முடியும் நேரத்தை ஒட்டி 'இ.எஸ்.டி' என்று இருந்தால் அது அமெரிக்கக் கிழக்கு நேரம் இல்லை, 'உத்தேசமாக' என்று பொருள். சொன்ன நேரத்தில் முடியாமலும் போகலாம். 'பெர்ம்' என்றால் நிரந்தரம்.

இதை ஒழுங்காகப் படிக்காவிட்டால் என்ன ஆகும்? 2017 ஜூலை 7 இரவு, சான் பிரான்சிஸ்கோவில் தரையிறங்க வந்தது ஏர் கனடா விமானம். இரண்டு இணை ஓடுபாதைகளில் இடது பக்கத்தை மூடி, விளக்குகளையும் அணைத்திருந்தார்கள். விமானிகளோ எரிந்துகொண்டிருந்த வலது ஓடுபாதையை இடது என்று நினைத்து, அதற்கும் வலப்பக்கம் இருந்த டாக்ஸி பாதையை நோக்கி இறங்கினர். அங்கே புறப்படக் காத்திருந்தவை நான்கு விமானங்கள்! தரையிலிருந்து சுமார் 60 அடி வரை வந்த பிறகுதான் ஏர் கனடா விமானம் மேலே எழும்பியது. யாருக்கும் காயமில்லை.

ஓடுபாதை மூடல் பற்றிய அறிவிப்பு விமானிகள் கையில் இருக்கத்தான் செய்தது. 27 பக்கக் கட்டில், 8-வது பக்கத்தில்.