பேசாத பிள்ளைக்கு முதல் சொல் தண்ணியிலிருந்தும் வரலாம்



இந்த முறை டாக்டர்மார் ‘ஓட்டிசம்’ என்று சொல்லும் நிலைமையைப் பற்றி எழுதுகிறேன். பேர்தான் புதுசு, பிள்ளைகள் புதுசு இல்லை. நம்ம லயங்களில் முந்தியும் இருந்தார்கள். ஊமை என்றோம், காத்து பட்டது என்றோம், நூல் கட்டினோம், அப்புறம் காம்பராவுக்குள்ளேயே வைத்து வளர்த்தோம்.

எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முன்பு நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில், கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா தன் மூணு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். “ஐயா, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கிறான். ரெண்டு வயசுல ‘அம்மா’ன்னு சொன்னான், இப்ப அதுவும் இல்ல” என்றார். நான் பெரிய மனுஷன் மாதிரி, “ஆம்பளப் பிள்ளைங்க சுணங்கித்தான் பேசும், பொறுங்கம்மா” என்று அனுப்பிவிட்டேன். அந்த அம்மா என் பேச்சைக் கேட்டுப் பொறுத்தார். கிளினிக்குக்குப் போகும்போது பையனுக்கு அஞ்சு வயசு. அந்த ரெண்டு வருஷத்தை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்?

ஓட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே இருக்கும் ஒரு வித்தியாசம். 1943ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 11 பிள்ளைகளைக் கவனித்து இதை எழுதி வைத்தார். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம், தாய் பாசம் காட்டாததால்தான் இப்படி ஆகிறது என்று படித்தவர்களே சொன்னார்கள். அது பிழை என்று பிறகு தெளிவாகிவிட்டது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998ல் இங்கிலாந்தில் ஒரு கட்டுரை வந்து உலகம் முழுவதும் பயத்தைக் கிளப்பியது. அதை வெளியிட்ட பத்திரிகையே 2010ல் அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கியது. ஆகவே ஊசி போடும் நாளில் பிள்ளையை ஒளித்து வைக்க வேண்டாம். நம்ம இலங்கையிலேயே ஒன்றரை வயசுக்கும் ரெண்டு வயசுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2009ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், 93 பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளை என்ற கணக்கு வந்தது. அப்படியென்றால் எந்தப் பெரிய தோட்டத்திலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும்.

இனி யாழ்ப்பாணத்துக் கதைக்கு வருகிறேன். என் அக்கா வாழ்க்கைப்பட்ட இடம் கோப்பாய். சண்டைக் காலத்தில் வருஷக்கணக்காக அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. 1990ல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வரைக்கும் ஓடத் தொடங்கின பிறகுதான் போய்வரக் கொஞ்சம் லேசானது. அக்காவின் மகளுக்கு ஒரே பையன், நாலு வயசு. அவனுக்கு ஓட்டிசம் என்று யாழ்ப்பாணத்து டாக்டர்மார் சொல்லியிருக்கிறார்கள்.

நான் போயிருந்தபோது மருமகள் முற்றத்துச் செம்மண்ணில் ஒரு பழைய பேசினை வைத்து, ரெண்டு தகரக் குவளையோடு பையனுக்கு எதிரே குந்தியிருந்தாள். அவனுக்குத் தண்ணி விழுவதைப் பார்ப்பதென்றால் உயிர். கிணற்றடியில் நின்றால் மணிக்கணக்காக நகர மாட்டானாம். அவள் குவளையை நிரப்பி, அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்து, “ஊத்து” என்றாள். சொன்ன அதே நொடியில் ஊத்தினாள். திரும்ப நிரப்பினாள், “ஊத்து.” இப்படி ஏழெட்டுத் தடவை. அதற்கு அடுத்த தடவை குவளையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, “சொல்லுடா ராசா” என்று வாயைத் திறக்கப் போனேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பையன் தண்ணியைப் பார்த்தான், குவளையைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்து “ஊ” என்றான். உடனே ஊத்தினாள்.

பிறகு என்னிடம் சொன்னாள்: “மாமா, முந்தி நான் அவனோட கனக்கக் கதைச்சன். ‘இஞ்ச பார், இது என்ன, சொல்லு சொல்லு’ எண்டு சோதினை வைச்ச மாதிரி. அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். இப்ப ஒரு சொல்லு, ஒரு வேலை. அவ்வளவுதான்.”

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒரு பிள்ளைக்கு முன்னால் நாம் ஒரு நிமிஷத்தில் நூறு சொல் கொட்டுகிறோம். எந்தச் சொல் எந்தப் பொருளுக்கு என்று மற்றப் பிள்ளைகள் நம்ம கண் போகிற பக்கம் பார்த்துத் தானாகப் பிடித்துக்கொள்வார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு அதுதான் கஷ்டம். அதனால் பிள்ளையை நம்ம பக்கம் இழுக்காமல், பிள்ளையின் கையும் கண்ணும் எங்கே இருக்கிறதோ அங்கே நாம் போய், அந்த இடத்தில் அந்த ஒரு சொல்லை வைக்க வேண்டும். கை நனையும்போதே காதில் ‘தண்ணி’ விழ வேண்டும். விளையாட்டு பிள்ளையின் கவனத்தைத் திறந்து தரும். சொல்லைக் கொடுப்பது எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள். வெறும் மண்ணையும் தண்ணியையும் கொடுத்துவிட்டு நாம் வேலையைப் பார்த்தால் சொல் வராது. போனில் பாட்டைப் போட்டுக் கொடுப்பதும் அப்படித்தான், போன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்காது.

மருமகள் ஒடியல் மாவையும் ஒருதரம் குழைத்துக் கொடுத்துப் பார்த்தாளாம். கையில் ஒட்டினதும் பையன் வீரிட்டு அழுதிருக்கிறான். இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தொடுகை, சத்தம், மணம் நமக்குப் படுகிற மாதிரிப் படாது. நமக்குச் சாதாரணம், அவர்களுக்கு நெருப்பு மாதிரி இருக்கலாம். அதனால் வற்புறுத்தக் கூடாது. அவள் காய்ந்த மாவையும் ஒரு கரண்டியையும் கொடுத்தாள், அது சரிவந்தது.

அங்கே கேட்ட இன்னொன்று எனக்குப் புதுசு. ‘போதும்’ என்பதற்கு யாழ்ப்பாணத்தில் ‘காணும்’ என்பார்கள். பையனுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது என்று வீட்டில் ஒரு சின்னச் சண்டையே நடந்ததாம், நம்ம அக்கா மலைநாட்டுக்காரி அல்லவா! கடைசியில் வீட்டில் எல்லாரும் ‘காணும்’ என்றே சொல்வது என்று முடிவாகியது. அவன் அதைச் சொன்னால், அல்லது கையைத் தள்ளினால், அந்த நிமிஷமே விளையாட்டை நிறுத்துகிறார்கள். தன் சொல்லுக்கு உலகம் அசைகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்தால்தான் அடுத்த சொல் வரும். அடம்பிடிப்பது குறைந்ததும் அதற்கப்புறம்தான் என்றாள். நம்ம வீட்டில் தமிழ்தானே, தமிழிலேயே சொல்லிக் கொடுங்கள். ஸ்கூலுக்காக இங்கிலீஷில் பேச வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

நம்ம தோட்டத்தில் இதற்குச் சாமான் வாங்கத் தேவையில்லை. பீலியில் குளிப்பாட்டும்போது ‘தண்ணி’, ‘ஊத்து’. ரொட்டிக்கு மா பிசையும்போது ஒரு உருண்டையைக் கொடுத்து ‘தட்டு’, ‘உருட்டு’. பழைய படங்குச் சாக்கில் கையைத் தேய்த்து ‘சொரசொர’. கூடைக்குள் துணியைப் போட்டு ‘போடு’, எடுத்து ‘எடு’. அஞ்சு மணிக்குக் கொழுந்து நிறுத்து, களைத்துப் போய் வருகிற தாய் தனியாக உட்கார்ந்து பாடம் நடத்த முடியாது என்பது எனக்குத் தெரியும். குளிப்பாட்டுகிற, ரொட்டி சுடுகிற அந்தப் பத்து நிமிஷமே போதும், ஆனால் தினமும் வேண்டும். ஒரு இடத்தில் வந்த சொல்லை மற்ற இடத்துக்கும் கொண்டுபோங்கள். பீலியில் ‘ஊத்து’ படித்த பிள்ளைக்கு, தேத்தண்ணி ஊத்தும்போதும் அதே சொல்தான் என்று தானாக விளங்காது. தகப்பனும் பாட்டியும் பிள்ளைக்காம்பரா ஆயாவும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். வாயால் வராமல் விரலால் காட்டினாலும், படத்தைத் தொட்டாலும் அதையும் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் பேச்சு வராமல் போய்விடாது.

கவனம் தேவைப்படுகிற இடங்களும் உண்டு. எதையும் வாயில் போடுகிற பிள்ளைக்குக் கடலை, புளியங்கொட்டை, சின்னக் கல் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். மருந்து அடித்த மலையில் பறித்த இலையோ, மருந்து வந்த கேனோ விளையாட்டுச் சாமான் ஆகக் கூடாது. தண்ணியில் ஆசையுள்ள பிள்ளையைப் பீலியிலும் ஆற்றங்கரையிலும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள். திருவிழாவில் தப்புச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறினால் அது கொழுப்பு இல்லை, அடிக்காதீர்கள், கொஞ்சம் தூரமாகத் தூக்கிப் போங்கள்.

இதனால் ஓட்டிசம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. மாற்றுகிறேன் என்று மருந்து விற்கிறவனிடம் காசைக் கொடுக்காதீர்கள். சில பிள்ளைகள் நன்றாகப் பேசும், சிலது நாலு சொல்லோடு நிற்கும். ஆனால் ‘தண்ணி’, ‘வலி’, ‘காணும்’ என்று மூன்று சொல் இருக்கிற பிள்ளைக்கும் ஒன்றும் இல்லாத பிள்ளைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ராத்திரி முழுக்க அழுகிற பிள்ளையை வைத்திருக்கிற தாயைக் கேட்டால் தெரியும்.

கோண்டாவிலில் சிவபூமி பாடசாலை என்று ஒன்று இருக்கிறது. விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்காக ஆறு. திருமுருகன் அவர்கள் 2004ல் தொடங்கியது. நம்ம லயத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் அப்படி ஒன்று இல்லையே என்பது என் மனக்குறை. ஆனால் மருத்துவமாது இருக்கிறார், மாதக் கிளினிக் இருக்கிறது. ஒரு வயசாகியும் பேருக்குத் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயசில் விரலால் எதையும் காட்டாத பிள்ளை, வந்த சொல்லை இழந்த பிள்ளை இருந்தால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாமல் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போங்கள். காது கேட்கிறதா என்ற சோதனையையும் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு எது பிடிக்கும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், எந்தச் சொல் எப்போது நின்றது என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு லேசு. எழுதக் கஷ்டமாக இருந்தால் பெரட்டு முடிந்ததும் ஆபீஸ் பக்கம் வாங்க, நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன்.